சப்பாத்தைக் கழற்றாத பிள்ளை

வெள்ளவத்தை
ஏப்ரல் 21

மிதுனாவின் அம்மாவுக்கு,

இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஸமீமா எழுதுவது. டீச்சரும் பெற்றோரும் ஒருவருக்கொருவர் எழுத இப்படி ஒரு கொப்பி எங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் பையிலும் உண்டு. ஆனால் யாரும் தொடுவதில்லை, எல்லாக் கதையும் வட்சப் குறூப்பில்தான். நீங்கள் பிள்ளையைச் சேர்த்தபோது ஃபோன் நம்பர் தரவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் பழைய காலத்து ஆள்போலப் பேனை பிடித்திருக்கிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கரும்பலகையில்தான் வடிவாக வரும்.

சித்திரை விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு கிழமை நான் பாடம் எடுப்பதில்லை. அதிபருக்கு இது பிடிக்காது. பதினாறு வருடமாக இரண்டு பேருக்கும் இழுபறி. பத்து மணிவரை படுத்துக் கிடந்து, பலகாரமும் கார்ட்டூனுமாக இருந்த பிள்ளையைப் பிடித்து வந்தவுடனே கழித்தல் கணக்கைக் கொடுத்தால், உடம்பு வகுப்பு வாங்கில் இருக்கும், மனம் வீட்டில் இருக்கும். ஆகவே முதலில் பழக்கங்களைத் திருப்பிக் கொண்டுவருவேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைப்பது, பையை ஆணியில் கொழுவுவது, பாயில் வட்டமாக இருப்பது, விடுமுறையில் நடந்த ஒரு சங்கதியை ஒவ்வொருவராகச் சொல்வது. இரண்டாம் கிழமை முடியும்போது வகுப்பு தன்பாட்டில் ஓடும்.

மிதுனா புதுப்பிள்ளை, இன்னும் பழகவில்லை. அது பரவாயில்லை. ஆனால் இரண்டு நாளாகச் சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். அழுவதும் இல்லை, அடம்பிடிப்பதும் இல்லை. "கழற்றுங்க மகள்" என்றால், குனிந்து நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டுகிறாள். பிறகு பாய்க்கு வெளியே கதவோரம் போய் நின்றுகொள்கிறாள். காலில் ஏதும் புண் இருக்கிறதா?

இன்னொரு விஷயம். சேர்வுப் படிவத்தில் 'சி. மிதுனா' என்று எழுதியிருக்கிறீர்கள். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் சாரங்கன். தகப்பனுடைய முதலெழுத்துத்தானே பிள்ளைக்கு வரும். அவசரத்தில் பிழைத்திருக்கும். வரவு இடாப்பிலும் பெயரட்டையிலும் 'சா. மிதுனா' என்று நானே திருத்திவிட்டேன்.

அன்புடன்,
ஸமீமா டீச்சர்

*

ஏப்ரல் 22

மதிப்புக்குரிய டீச்சர்,

காலில் இருந்த கொப்புளங்கள் ஆறிவிட்டன. சப்பாத்து அவள் காலிலேயே இருக்கட்டும். கழற்றச் சொல்ல வேண்டாம், தயவுசெய்து.

முதலெழுத்தை நான் பிழையாக எழுதவில்லை. என்னுடைய அப்பா சிவபாலன். 'சி' என்றே போடுங்கள்.

விடுமுறையில் என்ன நடந்தது என்று அவளிடம் கேட்க வேண்டாம். மற்றப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

மிதுனாவின் அம்மா

*

ஏப்ரல் 24

மிதுனாவின் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. குறை சொல்லவில்லை, எனக்குத்தான் வாய் கூட.

முதலெழுத்து விஷயத்தில் நான் ஒன்றும் செய்ய முடியாது. இடாப்பு அரசாங்கப் புத்தகம். பிறப்புப் பத்திரத்தில் உள்ளதுதான் அதில் வரவேண்டும். பாட்டன் பெயரைப் போட்டால் நாளைக்குப் பரீட்சை, அடையாள அட்டை என்று பிள்ளைதான் இழுபடும். வீட்டில் ஏதும் மனஸ்தாபம் இருந்தால் அதைப் பிள்ளையின் பெயரில் காட்டலாமா? இவ்வளவுக்கு நான் கதைக்கக் கூடாதுதான்.

சப்பாத்து விஷயத்தில் நான் இறங்கி வந்தேன். பாயின் ஓரத்தில் ஒரு பழைய சாக்கை விரித்து, "இது மிதுனாட இடம், இங்க சப்பாத்தோட இரிக்கலாம்" என்று சொன்னேன். வந்து இருந்தாள். ஆனால் இப்போது நிம்றா என்ற வாயாடி, "அப்ப எனக்கும் சாக்கு வேணும் டீச்சர்" என்று நிற்கிறாள். ஒரு பிள்ளைக்கு ஒரு சட்டம் என்றால் நாற்பது பிள்ளைகளையும் கட்டி மேய்க்க ஏலாது. வரும் கிழமைக்குள் எப்படியும் கழற்றப் பழக்கிவிடுவேன். நான் பழக்காத பிள்ளை இல்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இன்று முதற் கிழமை முடிந்த சந்தோஷத்தில் வகுப்பை வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். எல்லோரும் பெயரட்டை குத்தியபடி, பின்னால் பாடசாலைப் பெயர்ப்பலகை. மிதுனாவும் நிற்கிறாள். சிரிக்கவில்லை, ஆனால் நிமிர்ந்து பார்த்தாள், அதுவே பெரிய விஷயம். 'விடுமுறை முடிந்தது, செல்லங்கள் திரும்பிவிட்டார்கள்' என்று எழுதிப் பெற்றோர் குறூப்பில் போட்டேன். ஒரே இதயமும் பூவுமாக வந்து குவிகிறது. சில தாய்மார் தங்கள் முகநூலிலும் போட்டிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் பார்க்கவில்லை. நம்பரைத் தாருங்கள், சேர்த்துவிடுகிறேன்.

ஸமீமா டீச்சர்

*

ஏப்ரல் 27

டீச்சர்,

அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். இதை வாசித்த உடனே, பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்வதற்கு முன், எடுத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். பாடசாலை பூட்டிவிட்டது. உங்களை எங்கே தேடுவது? சனிக்கிழமை காலை வாசலுக்கு ஓடிவந்தேன். காவலாளி அய்யே சிங்களத்தில் "சந்துதா என்ன" என்றார். திங்கட்கிழமை வரட்டாம். உங்கள் நம்பர் கேட்டேன், தரமாட்டேன் என்றார், அது சரிதான், யார் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்லவேண்டும். இரண்டு நாளாக நான் சாப்பிடவில்லை. அறையின் கதவுக்கு மேசையை அணைத்து வைத்துவிட்டுப் பிள்ளையோடு இருந்தேன்.

உங்களை யார் கேட்டார்கள் படம் எடுக்கச் சொல்லி? பெயரும் தெரிய, பாடசாலையும் தெரிய, என்னுடைய பிள்ளையின் முகத்தை ஊருக்கெல்லாம் காட்ட உங்களுக்கு என்ன உரிமை? நான் சொல்வதில் ஒன்றையாவது நீங்கள் கேட்டீர்களா?

மன்னியுங்கள். படத்தை எடுத்துவிடுங்கள்.

மிதுனாவின் அம்மா

*

ஏப்ரல் 27

மிதுனாவின் அம்மாவுக்கு,

எடுத்துவிட்டேன். காலை ஏழு இருபத்தைந்துக்கு, வணக்கம் சொல்வதற்கு முன்பே. ஆனால் குறூப்பில் முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவரவர் ஃபோனில் உள்ளதும் முகநூலில் போட்டதும் என் கையில் இல்லை. எல்லோரையும் அழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். 'ஏன் டீச்சர், என்ன நடந்தது' என்று பன்னிரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். என்ன பதில் சொல்ல?

எனக்கு மனம் நொந்துவிட்டது. பதினாறு வருடத்தில் எந்தத் தாயும் எனக்கு இப்படி எழுதியதில்லை. ஊரிலுள்ள எல்லாரும் தங்கள் பிள்ளையைப் போடு போடு என்கிறார்கள், நீங்கள் களவெடுத்த சாமானைப்போல ஒளித்து வைக்கிறீர்கள். பெற்றோர் கூட்டத்துக்கும் வரவில்லை. வாசலில் முக்காடு போட்டமாதிரிச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு பிள்ளையை வாங்கிக்கொண்டு போகிறீர்கள்.

கோபத்தை விட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன். இன்று பியோன் வகுப்பு வாசலில் நின்று, எங்கள் வகுப்பில் உள்ள சாரங்க என்ற பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரைக் கேட்டதும் மிதுனா மேசைக்குக் கீழே போய்விட்டாள். சப்பாத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நிம்றாதான் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு, "வா, ஒண்டுமில்ல, அது நம்மட சாரங்க" என்று கூட்டி வந்தாள்.

தகப்பன் எங்கே? அவர் ஒருநாள் வந்து போனால் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்று எனக்குப் படுகிறது.

ஸமீமா

*

ஏப்ரல் 28

டீச்சர்,

படத்தை எடுத்ததற்கு நன்றி. கடுமையாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அவளுடைய அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். கிட்டடியில் வரமாட்டார்.

என்னைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம். யார் வந்தாலும்.

மிதுனாவின் அம்மா

*

ஏப்ரல் 29

மிதுனாவின் அம்மாவுக்கு,

வெளிநாடு என்று எழுதினீர்கள். இன்று இடைவேளைக்குப் பிறகு அந்த வெளிநாட்டுக்காரர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கொட்டாஞ்சேனையிலிருந்து.

பொய் சொல்லுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது, உங்களுக்காகவும் எனக்காகவும்.

அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டியிருக்கிறார். இடாப்பில் 'சா. மிதுனா' என்று இருப்பதோடு பெயர் பொருந்தியது, உள்ளே விட்டார்கள். வெள்ளைச் சேட், ஒரு சொல்கூடச் சத்தமாகக் கதைக்கவில்லை. "குறை நினையாதேங்கோ டீச்சர், சிநேகிதன்ர மனுசி ஃபேஸ்புக்கில படத்தைக் காட்டினவா. அதைப் பாத்துத்தான் பிள்ளை உயிரோட இருக்கிறா எண்டே எனக்குத் தெரியும்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. உங்களுக்கு மனம் சரியில்லையாம், மருந்து எடுக்கிறீர்களாம், புதுவருடத்தன்று கோயிலில் வைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறைந்துவிட்டீர்களாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் கேக் கொண்டுவந்திருந்தார்.

நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. பிள்ளையைத் தரமுடியாது, அதிபர் இன்று கூட்டத்துக்குப் போய்விட்டார், நாளைக்கு வாருங்கள் என்றேன். "அவசரமில்லை டீச்சர்" என்றார். எந்த வாசலால் பிள்ளை போகிறாள் என்று கேட்டார். கடற்கரைப் பக்கத்து வாசல் என்று சொன்னேன். தகப்பன் கேட்கும்போது என்ன சொல்ல?

ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஒன்பது நாளாகச் செய்ய முடியாததை அவர் ஒரு நிமிடத்தில் செய்தார். மிதுனாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, தன் கையாலேயே நாடாவை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் கழற்றினார். பிள்ளை மூச்சுக் காட்டவில்லை. "அடி தேஞ்சு போச்சு, நாளைக்கு அப்பா புதுசு கொண்டுவாறன்" என்று சொல்லி, அளவு பார்க்கப் பழையதைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இப்படி ஒரு தகப்பனை ஏன் மறைக்கிறீர்கள்?

பிள்ளை இன்று சொக்ஸோடுதான் வீட்டுக்கு வருவாள், அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஸமீமா

*

ஏப்ரல் 29, பின்னேரம்

டீச்சர்,

இதை இஸ்ஸதீன் நானா உங்கள் கையில் தருவார். எங்கள் அறைக்குக் கீழே ஃபோட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவர். இனி எதையும் பிள்ளையின் பையில் வைக்காதீர்கள்.

வாசலில் அவளைச் சொக்ஸோடு கண்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. "அப்பா எடுத்திட்டார்" என்று மட்டும் சொன்னாள். தூக்கிக்கொண்டு, வந்த வழியே போகாமல், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெரிய கூட்டத்துக்குள் நுழைந்து காலிவீதிப் பக்கமாக ஓடினேன். அவர் பின்னால் வந்தாரா தெரியாது. திரும்பிப் பார்க்கப் பயம்.

உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என்னுடைய பிழை. வெட்கம் டீச்சர். வெள்ளவத்தையில் ஒருவரிடம் சொன்னால் ஊர்ச் சனம் எல்லாருக்கும் சொன்னமாதிரி. சந்தையிலும் கோயிலிலும் எங்களைத்தான் கதைப்பார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்.

அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன் என்பார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது என்னுடைய செருப்பையும் பிள்ளையுடைய சப்பாத்தையும் எடுத்துக் கார் டிக்கிக்குள் போட்டுக்கொண்டு போவார். பாடசாலை நாளில் பிள்ளையை அவரே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார். கதவைப் பூட்டுவதில்லை. "செருப்பில்லாமல் எங்க போவாய் பாப்பம்" என்று சிரிப்பார். முதலில் பகிடி என்று நினைத்தேன். மூன்று வருடம் டீச்சர். வெறுங்காலோடு ரோட்டில் இறங்கினால் பைத்தியம் என்று சனம் பார்க்குமே என்ற ஒரு பயத்திலேயே நான் மூன்று வருடம் படியிறங்கவில்லை. அவர் மெல்ல மெல்ல எல்லோரிடமும் எனக்கு மனம் சரியில்லை என்று சொல்லி வைத்ததும் அதற்காகத்தான்.

என்னை என்ன செய்தார் என்று எழுத மாட்டேன். பிள்ளைக்குச் செய்ததை எழுதுகிறேன். விடுமுறை தொடங்கி மூன்றாம் நாள், அவருடைய ஃபோனை எடுத்து விளையாடினாள் என்று மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பல்கனியில் விட்டுக் கண்ணாடிக் கதவைப் பூட்டினார். ஏப்ரல் வெயில். சீமெந்துத் தரை. வெறுங்கால். "பத்து நிமிசம்தான்" என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உள்ளே கதிரையில் இருந்தார். பிள்ளை காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றாள். கத்தவில்லை, கத்தினால் நிமிடம் கூடும் என்று அவளுக்குத் தெரியும். நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் கேட்ட புண் அதுதான்.

புதுவருடத்தன்று கோயிலுக்குப் போவோம் என்றார். கோயிலுக்குப் போக மட்டும் செருப்பு வெளியே வரும். அங்கே எல்லோரும் வாசலில் கழற்றித்தானே வைக்கவேண்டும், அவர் எடுத்து ஒளிக்க முடியாது. பூசையில் சனம் நெருக்கியபோது பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே வந்தேன். அந்த நூறு சோடிக்குள் எங்கள் இரண்டு சோடியையும் அவள்தான் கண்டுபிடித்தாள். போட்டுக்கொண்டு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினோம். அன்றிலிருந்து அவள் சப்பாத்தை விடுவதில்லை. நித்திரையில் தலையணைக்குக் கீழே வைத்திருப்பாள்.

இன்று அவர் பிள்ளைக்குப் புதுச் சப்பாத்து வாங்க அளவு எடுக்கவில்லை டீச்சர். 'இனி எங்க போவாய் பாப்பம்' என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நாளைக்கு நாங்கள் வரமாட்டோம். அவர் வருவார். உங்களை நம்பலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் வேறு ஆள் இல்லை.

தனுஷியா

*

ஏப்ரல் 30

தனுஷியா,

பெயர் சொல்லி எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். இஸ்ஸதீன் நானா காலையில் வாசலிலேயே கடிதத்தைத் தந்தார். "டீச்சர், வாசிச்சிட்டு வகுப்புக்குப் போங்கொ" என்றார். வாசித்தேன். பாதி நம்பினேன். பாதிதான், உண்மையைச் சொல்கிறேன். அந்த மனிதரின் முகம் என் கண்ணுக்குள் நின்றது. இவ்வளவு மரியாதையான ஆள் இப்படிச் செய்வாரா என்று.

பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார். கையில் சப்பாத்துப் பெட்டி. அதிபர் அலுவலகத்தில் இருந்தும், நேரே என் வகுப்புக்குத்தான் வந்தார். பிள்ளை வரவில்லை என்றேன். "எங்க?" என்றார். தெரியாது என்றேன். சிரித்தார். "டீச்சர்மார் பொய் சொல்லக்கூடாது. பிள்ளையள் பாத்துக்கொண்டு இருக்குதுகள்" என்றார். அதே மெல்லிய குரல்தான்.

பிறகு குனிந்து வாசலில் இருந்த சப்பாத்து வரிசையைப் பார்த்தார். நானும் பிள்ளைகளோடு கழற்றித்தான் வைப்பேன், கடைசியில் என்னுடைய செருப்பு. "இந்த பிரவுன் செருப்பு உங்கடையா டீச்சர்?" என்றார். ஓம் என்றேன். "வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். என்னுடைய செருப்பு இல்லை.

யா அல்லாஹ், தனுஷியா, வாசலில் நான் நின்ற நிலையை எப்படி எழுத? ஒரு சோடிச் செருப்புத்தானே என்று நினைக்கிறேன், கால் அசையவில்லை. வெறுங்காலோடு காலிவீதிவரை நடந்தேன். எல்லோரும் என் காலைத்தான் பார்த்தார்கள். பஸ் வந்தது, ஏறவில்லை. ஏறினால் மாளிகாவத்தையில் என் வீட்டு வாசல்வரை அவர் பின்னால் வந்துவிடுவாரோ என்று பயம். ஐம்பது வயதுப் பொம்பிளை நான். அந்தப் பஸ் ஹோல்ட்டில் ஒரு மணித்தியாலம் நின்றேன். உங்களுடைய மூன்று வருடத்தில் ஒரு மணித்தியாலம்.

கள்ளன் கையில் வீட்டுத் திறப்பைக் கொடுத்த கதை என்னுடையது. முதலெழுத்தைத் திருத்தியது நான். படம் போட்டது நான். எந்த வாசல் என்று சொன்னது நான். என் கண் முன்னால் பிள்ளையின் காலிலிருந்து கழற்றினார், நான் பக்கத்தில் நின்று நெஞ்சு இளகினேன். அவள் மூச்சுக் காட்டவில்லை என்று எழுதினேனே, அது என்ன என்று எனக்கு விளங்கவில்லையே. பதினாறு வருடம் பிள்ளைகளோடு இருந்து என்ன பிரயோசனம்?

என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள். இந்தமுறை சொன்னபடி செய்வேன்.

ஸமீமா

*

மே 3

டீச்சர்,

நாங்கள் அறையை விட்டுவிட்டோம். நானாவின் தங்கச்சி வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறோம். எந்த இடம் என்று எழுதவில்லை. நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று இல்லை, தெரியாவிட்டால் உங்களை யாரும் பயமுறுத்திக் கேட்க முடியாது.

வெள்ளிக்கிழமை அவர் ஃபோட்டோக்கொப்பிக் கடைக்கும் வந்துவிட்டார். படத்தைக் காட்டி, இந்தப் பிள்ளையைக் கண்டீர்களா என்று கேட்டாராம். நானா, "கண்டதுதான், நேத்துக் காலையில பெட்டியோட கோட்டை ஸ்டேஷன் பக்கம் போனாங்க" என்றாராம். அவர் போன பிறகு நானா ஒரு போத்தல் தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாராம்.

எனக்கு வேண்டியது இரண்டு. ஒன்று விடுகைப் பத்திரம். உங்கள் பாடசாலையில் பிறப்புப் பத்திரத்தோடு எடுத்தார்கள், வேறு பாடசாலையில் இது இல்லாமல் எடுக்க மாட்டார்கள். அதற்குத் தகப்பன் கையெழுத்துக் கேட்டால் நாங்கள் முடிந்தோம். எந்த ஊருக்குப் போகிறாள் என்ற இடத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள்.

மற்றது, புதுவருடத்துக்கு அடுத்த நாள் நான் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். செருப்பை எடுத்ததெல்லாம் ஒரு குற்றமா, நல்ல நாளும் அதுவுமாக வீட்டுக்குப் போ என்றார்கள். நான் சொன்னால் மனம் சரியில்லாதவள் சொல்கிறாள் என்பார்கள். ஒரு டீச்சர் சொன்னால்?

மிதுனாவுக்கு நானாவின் தங்கச்சி ஒரு சோடி ரப்பர்ச் செருப்பு வாங்கிக் கொடுத்தா. அதைப் போட்டுக்கொண்டுதான் குளிக்கிறாள்.

தனுஷியா

*

மே 6

தனுஷியா,

விடுகைப் பத்திரம் இதோடு இருக்கிறது. அதிபரிடம் போய் முழுக்கதையும் சொன்னேன். பதினாறு வருடம் சண்டை பிடித்த மனுசி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தா. "தாய் கேட்டா, நான் குடுத்தன்" என்று மட்டும் சொன்னா. போகும் இடம் வெறுமையாக இருக்கிறது.

பொலிஸுக்கு அதிபரும் நானும் சேர்ந்து போனோம். வேறு நிலையம். பெண்கள் பிரிவில் ஒரு பொலிஸ் நோனா இருந்தா. எனக்குச் சிங்களம் பயத்தில் பாதி மறந்துவிட்டது, அதிபர் சொல்லச் சொல்ல அவ எழுதினா. செருப்பு என்றதும் சிரிப்பா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பேனையை வைத்துவிட்டு ஒருதரம் என் காலைப் பார்த்தா. முறைப்பாட்டின் பிரதியும், நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க உதவும் ஒரு வக்கீல் அம்மாவின் விபரமும் உள்ளே இருக்கின்றன. நான் சாட்சி சொல்வேன். எனக்குப் பயம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் கதவுச் சங்கிலியை இரண்டுதரம் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். பஸ்ஸில் வெள்ளைச் சேட்டைக் கண்டால் இறங்கிவிடுகிறேன். ஆனாலும் சொல்வேன்.

இடாப்பில் 'சா'வை மாற்ற எனக்குச் சட்டமில்லை. பெயரட்டை என்னுடையது. பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன், 'சி. மிதுனா' என்று. கையெழுத்து கொஞ்சம் வடிவாகவே வந்திருக்கிறது.

வகுப்பில் இப்போது வாசலில் சப்பாத்து வைப்பதில்லை. அவரவர் கதிரைக்குக் கீழே. விடுமுறையில் என்ன நடந்தது என்று வட்டத்தில் இருத்திக் கேட்பதையும் விட்டேன். சொல்ல விரும்பும் பிள்ளை தானாக வந்து காதுக்குள் சொல்லட்டும். சாக்கை நான் மடித்து வைத்திருந்தேன், நிம்றா எடுத்துத் திரும்ப விரித்துவிட்டாள். "அவ வந்தா எங்க இரிப்பா?" என்று கேட்கிறாள்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்கமாட்டேன். போய்ச் சேர்ந்தீர்கள் என்று மட்டும் ஒரு வரி போடுங்கள்.

ஸமீமா

*

ஜூன் 15

அன்புள்ள ஸமீமா டீச்சர்,

ஒரு வரி போட ஐந்து கிழமைக்கு மேல் எடுத்துவிட்டது. ஊர் எழுதவில்லை, மன்னிக்க வேண்டும். நானா கொழும்பில் தபாலில் போடுவார்.

போய்ச் சேர்ந்தோம். கட்டளை கிடைத்துவிட்டது, நீங்கள் நீதிமன்றத்தில் நின்ற விதத்தை வக்கீல் அம்மா சொன்னா. நாங்கள் மற்றக் கதவால் வந்து போனதால் உங்களைக் கண்டு ஒரு சொல் கதைக்கக்கூட முடியவில்லை. நூறு மீற்றர் தூரத்துக்குள் அவர் வரக்கூடாதாம். பேப்பரில் அப்படி இருக்கிறது. பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன், பயம் போகவில்லை. மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலில் நின்றால் இப்போதும் மேசையைத்தான் பார்க்கிறேன்.

இங்கே சின்னப் பாடசாலை, பதினேழு பிள்ளைகள். மணல் முற்றம். வகுப்பு வாசலில் சப்பாத்தைக் கழற்றித்தான் போகவேண்டும். ரிஸ்லா என்று ஒரு இளம் டீச்சர். அவவிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இந்தமுறை வெட்கப்படவில்லை. நீங்கள் தந்த பெயரட்டையைத்தான் மிதுனா குத்திக்கொண்டு போகிறாள். ஒன்பது நாள், இங்கே வந்து வாங்கிக் கொடுத்த புதுச் சப்பாத்தோடு கதவோரம் நின்றாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை வாசலில் விட்டேன். குனிந்தாள். நாடாவை இறுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவிழ்த்தாள். இரண்டையும் எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள். மற்றப் பிள்ளைகள் உள்ளே போனபடியே கழற்றிப் போட்டிருந்தார்கள், நுனி எல்லாம் வகுப்பைப் பார்த்து. இவள் மட்டும் திருப்பி, நுனி வெளியே பார்க்க வைத்தாள். ஓடவேண்டி வந்தால் கால் நுழைக்கச் சுகமாக. பிறகு என்னைப் பார்க்காமல் உள்ளே போய்ப் பாயில் இருந்துவிட்டாள்.

சந்தோஷமா என்று கேட்டால், இல்லை, பயம்தான் முதலில் வந்தது. இப்போது அவர் வந்தால் பிள்ளை என்ன செய்வாள்? போய் இரண்டையும் கையில் எடுத்துவிட்டேன். என்னுடைய பைக்குள் வைத்துக்கொண்டால் பத்திரமாக இருக்கும் என்று. எடுத்த பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. வைத்த இடத்திலேயே, நுனி வெளியே பார்க்க, திரும்ப வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்து வேம்புக்குக் கீழே ஒன்றரை மணிவரை இருந்தேன், அந்த ஒரு சோடியைப் பார்த்துக்கொண்டு. மணி அடித்தது. பிள்ளைகள் தள்ளுப்பட்டுக்கொண்டு வந்தார்கள். மிதுனா கடைசியாக வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, மெல்லமாகக் கீழே பார்த்தாள்.

சப்பாத்து வைத்த இடத்தில் இருந்தது.

சி. மிதுனாவின் அம்மா,
தனுஷியா